பட்டை குவில்ட்: தையல் கோணினால், அளவு குறைந்தால் எங்கே பார்ப்பது

நீளத் துணிப் பட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப் போர்வைதான் பட்டை குவில்ட்; அப்படிச் சேர்த்த பட்டைகளைத் தொகுப்பு என்போம். இரண்டரை அங்குலப் பட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்துத் தைத்தால், தையல் கோட்டுக்கு வெளியே விடும் கால் அங்குலத் தையல் ஓரம் போக, தொகுப்பு 24½ அங்குலம் வர வேண்டும். வந்தது 23¾ என்றால் முக்கால் அங்குலம் காணாமல் போயிருக்கிறது. பதினொரு தையலுக்கு அதைப் பங்கிட்டுப் பார்த்தால் ஒரு தையலுக்கு 1.7 மி.மீ. மட்டுமே. அதுவும் இரண்டு பட்டைக்குமாகச் சேர்த்து. அதனால்தான் ஒவ்வொரு தையலையும் தனியாகப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரிகிறது. முழுத் தொகுப்பை விரிக்கும்போதுதான் பிழை தெரிகிறது.

பெரும்பாலானோர் உடனே மெஷினைக் குறை சொல்வார்கள், அல்லது தம் கையை நொந்துகொள்வார்கள். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை துணி வெட்டும் கட்டரும் இஸ்திரிப் பெட்டியும். பிழை வெட்டுவதிலா, தைப்பதிலா, இஸ்திரியிலா என்று தெரியாமல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை மாற்றுவதும் ஊசியை நகர்த்துவதும் வீண் வேலை.

முதலில் பிழையின் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரே துணியில் 1½ அங்குல அகலம், நான்கைந்து அங்குல நீளத்தில் மூன்று துண்டு வெட்டுங்கள். தைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். இங்கேயே அளவு மாறினால் வெட்டுவதில் பிழை. மேலே தொடர வேண்டாம்.

மூன்றையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, ஆறவிட்டு அளங்கள். நடுத் துண்டு சரியாக 1 அங்குலம், மொத்தம் 3½ அங்குலம் இருக்க வேண்டும். நடுத் துண்டு குறைவாக இருந்தால் துணியைத் திருப்பி, பின்பக்கத்தில் தையல் கோட்டிலிருந்து துணி விளிம்பு வரை அளங்கள். அங்கே கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் தையலில் பிழை. அங்கே அளவு சரியாக இருந்தும் முன்பக்கம் குறைந்தால் இஸ்திரியில் பிழை: தையல் முழுதாக விரியாமல் ஒரு மெல்லிய மடிப்பு உள்ளே ஒளிந்திருக்கிறது. நடுத் துண்டு 1 அங்குலத்தைத் தாண்டினால் தையல் ஓரம் மிகச் சிறியது.

இந்தச் சோதனையை ஒவ்வொரு புதுத் துணிக்கும், ஒவ்வொரு நூல் மாற்றத்துக்கும் செய்யுங்கள். மெல்லிய காட்டனில் சரியாக வந்த அமைப்பு, கெட்டிக் கஞ்சி போட்ட தென்னாப்பிரிக்க அச்சுத் துணியான ஷ்வேஷ்வேயில் அப்படியே வராது.

அறிகுறி: எல்லாத் தொகுப்பும் ஒரே அளவு குறைகிறது

இது நல்ல செய்தி. கை தடுமாறவில்லை, அமைப்புதான் தவறு.

ஒரு காரணம், துணியின் மடிப்பே கொஞ்சம் அளவைத் தின்கிறது. தையலை விரித்துச் சாய்க்கும்போது துணி நூலைச் சுற்றி வளைய வேண்டும். அந்த வளைவுக்கு ஓர் இழை, ஈரிழை அளவு போகும். ஆகவே கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைத்துத் தைக்க வேண்டும். ஷ்வேஷ்வே போன்ற கெட்டித் துணிக்கு இன்னும் ஓர் இழை தேவைப்படலாம்.

இன்னொரு காரணம், தென்னாப்பிரிக்காவில் அடிக்கடி நடப்பது, அங்குலமும் சென்டிமீட்டரும் கலந்துவிடுவது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. துணிக்கடையில் மீட்டரில் வாங்குகிறோம். குவில்ட் ஸ்கேலும் பெரும்பாலான மாதிரிகளும் அங்குலத்தில் இருக்கின்றன. சில மெட்ரிக் மாதிரிகள் 7.5 மி.மீ. ஓரம் வைத்துக் கணக்கிட்டிருக்கும். அங்குல ஸ்கேலில் வெட்டி 7.5 மி.மீ. கோட்டில் தைத்தால், தையல் ஒன்றுக்கு 2.3 மி.மீ. போய்விடும். பதினொரு தையலில் அது ஓர் அங்குலம். வெட்டுவது எந்த அளவிலோ, தைப்பதும் அந்த அளவிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, 'கால் அங்குலப் பாதம்' என்று விற்பதை நம்பிவிடுவது. பாதத்தின் விளிம்பு எங்கே என்பது முக்கியமில்லை, ஊசி எங்கே இறங்குகிறது என்பதுதான் கணக்கு. அதை இப்படிச் சரிபாருங்கள்: கால் அங்குலக் கோடு உள்ள ஸ்கேலைப் பாதத்தின் கீழே வையுங்கள். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஊசி முனை அந்தக் கோட்டின் வலது ஓரத்தை மட்டும் தொடும்படி இறக்குங்கள். பாதத்தை மெல்ல இறக்கி ஸ்கேலை மெஷினின் முன்விளிம்புக்குச் செங்கோணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஸ்கேலின் வலது விளிம்பை ஒட்டி, பாதத்துக்கு முன்னால் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு டேப் ஒட்டுங்கள். மூன்று நான்கு அடுக்கு போட்டால் துணி முட்டி நிற்க ஒரு சின்னக் கரை கிடைக்கும். டேப் துணி நகர்த்தும் பற்களை மூடக் கூடாது. பாபின் மூடி திறக்கும் இடத்தில் வந்தால் அங்கே வெட்டிவிடுங்கள்.

ஊசியை இடம் வலமாக நகர்த்தும் வசதி மெஷினில் இருந்தால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி மேலே சொன்ன மூன்று துண்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சரியான எண் கிடைத்ததும் எழுதி மெஷினில் ஒட்டிவையுங்கள். ஊசி இறங்க ஒரே ஒரு சிறு துளை மட்டும் உள்ள ஒற்றைத் துளைத் தகடு போட்டிருந்தால் ஊசியை நகர்த்தவே கூடாது; தகட்டில் மோதி உடையும்.

ஏற்கெனவே தைத்து முடித்த தொகுப்புகள் எல்லாமே ஒரே அளவு குறைந்திருந்தால் பிரிக்க வேண்டாம். அந்தக் குறைந்த அளவையே புது அளவாக எடுத்துக்கொண்டு பார்டரையும் மற்றத் துண்டுகளையும் அதற்கேற்ப வெட்டுங்கள். பிரித்துத் தைத்தால் கெட்டித் துணியில் ஊசித் துளைகள் தெரியும், விளிம்பும் இழுபடும். தொகுப்புக்குத் தொகுப்பு அளவு மாறினால்தான் பிரிக்க வேண்டும்.

அறிகுறி: தொகுப்பு வில்லாக வளைகிறது

பட்டை குவில்ட்டில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. மேசையில் விரித்தால் ஒரு பக்கம் உள்வாங்கி, மறுபக்கம் புடைத்து நிற்கும்.

கீழ்த் துணியைப் பற்கள் இழுக்கின்றன; மேல் துணியைப் பாதம் அழுத்திப் பிடிக்கிறது. ஒவ்வொரு தையலிலும் மேல்துணி கொஞ்சம் பின்தங்குகிறது. எல்லாப் பட்டையையும் ஒரே முனையிலிருந்து தைத்தால் அந்தப் பின்தங்கல் ஒரே திசையில் கூடிக்கொண்டே போகும். பன்னிரண்டு பட்டை முடியும்போது தொகுப்பே வளைந்திருக்கும்.

மாற்று வழி: முதலில் இரண்டிரண்டாக ஜோடி சேருங்கள். பிறகு ஜோடியோடு ஜோடி, நான்கோடு நான்கு. ஒரு தையலை மேல் முனையிலிருந்து தொடங்கினால் அதற்கு அடுத்த தையலைக் கீழ் முனையிலிருந்து தொடங்குங்கள். திசை மறக்காமலிருக்க, தையல் தொடங்கும் முனையில் ஒரு குண்டூசி குத்திவையுங்கள். பாத அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். துணி நழுவாமல் நகரும் அளவுக்கு இருந்தால் போதும்.

திசை மாற்றித் தைத்தும் வளைந்தால், இஸ்திரியைப் பாருங்கள். கரையிலிருந்து கரைக்கு வெட்டிய பட்டை ஊடை இழையின் (துணியின் குறுக்கிழை) நீளத்தில் போகிறது. ஊடை பாவைவிட (நெடுக்கிழையைவிட) அதிகம் இழுபடும். அதன்மேல் நீராவியோடு இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் பட்டை வளைந்துவிடும், ஆறியதும் அப்படியே நின்றுவிடும். சட்டைக்குத் தேய்ப்பதுபோல் இதற்குத் தேய்க்கக் கூடாது. பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள்.

வரிசை இதுதான். தைத்தபடி மூடிய நிலையிலேயே தையல்மேல் ஒரு தடவை அழுத்துங்கள். நூல் துணிக்குள் பதியும். பிறகு கருமையான பட்டை மேலே வரும்படி பலகையில் வைத்து, மேல் பட்டையை விரலால் திறந்து, பெட்டியின் விளிம்பால் மடிப்பை நோக்கி மெல்லத் தள்ளி அழுத்துங்கள். தையல் ஓரம் கருமையான பட்டையின் அடியில் போய்விடும், வெளிர்த் துணியில் நிழல் விழாது. பட்டையைப் பலகைக்குக் குறுக்கே வையுங்கள், நெடுக்காக அல்ல. நெடுக்காக வைத்தால் கை தானாகவே அதை இழுத்துவிடும்.

வளைந்துவிட்ட தொகுப்பை நேராக்க முடியுமா? வளைவு லேசாக இருந்தால் நீர் தெளித்து, பலகையில் உள்ள நேர்கோட்டுக்கு ஒட்டிக் கையால் தட்டி அமைத்து, அழுத்தி, அசைக்காமல் ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகும். அதற்கும் அடங்காத வளைவைச் சிறு துண்டுகளாகக் குறுக்கே வெட்டிப் பயன்படுத்துங்கள். நீளமான பட்டையாக வைத்துக்கொண்டால் குவில்ட்டே முறுகும்.

அறிகுறி: பட்டையை விரித்தால் நடுவில் முழங்கைபோல் ஒடிகிறது

துணியை மடித்து வெட்டும்போது மடிப்புக்கும் ஸ்கேலுக்கும் செங்கோணம் இல்லாமல் போனால் இப்படி வரும். மடிப்பு விழும் இடத்தில் பட்டை ஆங்கில 'வி' வடிவில் கோணும்.

கடையில் மடித்துக் கொடுத்த மடிப்பை நம்பாதீர்கள். துணியை இஸ்திரி போட்டு அந்த மடிப்பை அழித்துவிட்டு, கரையோடு கரை சேர்த்துத் தூக்கிப் பிடியுங்கள். கீழே மடிப்பில் சுருக்கமும் முறுக்கமும் இல்லாமல் துணி தட்டையாகத் தொங்கும்வரை ஒரு கரையை இடமோ வலமோ நகர்த்துங்கள். வெட்டிய முனைகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கலாம். பரவாயில்லை, அவை கடையில் கோணலாக வெட்டப்பட்டவை. ஸ்கேலின் ஒரு குறுக்குக்கோட்டை மடிப்பின்மேல் பொருத்தி முதல் வெட்டைப் போடுங்கள். மூன்று நான்கு பட்டைக்கு ஒரு முறை முனையை மறுபடி செங்கோணமாக்குங்கள்.

ஒடிந்த பட்டையைத் தையலால் நேராக்க முடியாது. மடிப்பில் வெட்டி இரண்டு குறும்பட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தொடக்கத்திலும் முடிவிலும் தையல் விலகுகிறது

நடுவில் நேராகப் போகும் தையல் முதல் ஒரு சென்டிமீட்டரிலும் கடைசி இரண்டு சென்டிமீட்டரிலும் கோணும். தொடக்கத்தில் பாதத்தின் முன்பகுதி மட்டும் துணிமேல் ஏறி நிற்பதால் பாதம் சாய்கிறது. ஊசித் தகட்டில் அகலமான ஜிக்ஜாக் துளை இருந்தால் துணி முனை அதற்குள் இறங்கிச் சிக்கிக்கொள்கிறது. ஒரு கழிவுத் துண்டில் தைக்கத் தொடங்கி, நூலை வெட்டாமல் அதையடுத்துப் பட்டையை நுழையுங்கள். முடிவிலும் இன்னொரு கழிவுத் துண்டுக்குள் போய் நிறுத்துங்கள். ஒற்றைத் துளைத் தகடு கிடைத்தால் போடுங்கள். போட்டதும் முதல் தையலைக் கைச்சக்கரத்தால் சுற்றிப் பாருங்கள்.

முடிவில் கோணுவதற்குக் காரணம் வேறு. துணி கையிலிருந்து நழுவும் கட்டத்தில் அதைப் பிடித்து வழிநடத்த ஒன்றுமில்லை. விரலை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் ஒரு குத்தூசி முனையால் இரண்டு விளிம்பையும் சேர்த்து அமர்த்தி, பாதத்துக்குள் போகும்வரை விடாதீர்கள்.

நடுவிலும் தையல் நெளிந்தால் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஊசியைப் பார்த்தால் எப்போதும் தாமதமாகவே திருத்துவீர்கள். டேப் கரையில், பாதத்துக்கு இரண்டு அங்குலம் முன்னால் பாருங்கள்.

அறிகுறி: ஒரே நீளத்தில் வெட்டிய இரண்டு பட்டையில் மேலுள்ளது கடைசியில் மிஞ்சுகிறது

மேலே சொன்ன அதே பின்தங்கல்தான். மிஞ்சுகிறதே என்று வெட்டி எறிந்துவிட்டால் தொகுப்பு முறுகும். இரு முனையையும் நடுவையும் முதலில் குண்டூசியால் பொருத்திவிட்டு, இடையில் ஒரு சாணுக்கு ஓர் ஊசி குத்துங்கள். ஒன்று இயல்பாகவே தளர்ந்த நெசவாக இருந்தால் அதைக் கீழே வையுங்கள், பற்கள் அதைச் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மேல்துணியையும் நகர்த்தும் நடைபாதம் இருந்தால் போடலாம். ஆனால் அதன் விளிம்பு அகலம் வேறு, டேப்பை மறுபடி அளந்து ஒட்ட வேண்டும்.

அறிகுறி: குறுக்கே வெட்டிச் சேர்க்கும்போது சந்திகள் பொருந்தவில்லை

பட்டைத் தொகுப்பைக் குறுக்கே வெட்டிச் சதுரங்களாக அடுக்கும்போது இது தெரியும். வெட்டும்போது ஸ்கேலைத் துணி விளிம்போடு பொருத்துவது தவறு. ஸ்கேலின் குறுக்குக்கோடு உள்ளே உள்ள ஒரு தையல் கோட்டின்மேல் படிய வேண்டும். முடிந்தால் இரண்டு தையலின்மேல். மூன்று வெட்டுக்கு ஒரு முறை முனையை நேராக்குங்கள்.

அடுத்தடுத்த வரிசையில் தையல் ஓரங்களை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து விரல்நுனியால் தடவினால் இரு ஓரங்களும் ஒன்றையொன்று முட்டி ஒரு நொடி தடைபடும். அங்கேதான் சந்தி இருக்கிறது. அந்த முட்டலுக்கு அரை சென்டிமீட்டர் முன்னால் குண்டூசி குத்துங்கள். மேல்துணியின் ஓரம் மெஷின் ஊசியை நோக்கிச் சாய்ந்திருந்தால் பாதம் தள்ளத் தள்ள அது சந்திக்குள் இறுகும்.

குறுக்கே வெட்டப்போகும் தொகுப்புகளுக்குத் தையல் நீளம் 2.0 மி.மீ. வையுங்கள். தையல் நீளம் 2.5 மி.மீ. இருந்தால் வெட்டிய முனைகளில் தையல் அவிழத் தொடங்கும்.

அறிகுறி: தையல் நெடுக சுருக்கம்

ஊசியை மாற்றுங்கள். 80/12 ஊசி, 50 எண் காட்டன் நூல், பாபினிலும் அதே நூல். ஷ்வேஷ்வேயின் கஞ்சி ஊசியைச் சீக்கிரம் மழுக்கும். அதன் பிறகும் சுருங்கினால் மேல்நூல் இறுக்கத்தை அரைப் புள்ளி குறையுங்கள்.

அறிகுறி: தைக்கும்போது சரி, துவைத்ததும் அலங்கோலம்

இதுதான் ஷ்வேஷ்வே குவில்ட்டின் தனிச் சிக்கல். கப்பலில் ஐரோப்பாவிலிருந்து வந்த காலத்தில் கடல் ஈரம் தாக்காமலிருக்கப் போட்ட கெட்டிக் கஞ்சி இன்றும் அந்தத் துணியின் அடையாளம். கிழக்கு கேப் மாநிலத்தின் ஸ்வெலிட்ஷாவில் டா காமா டெக்ஸ்டைல்ஸ் 1982 முதல் இதை அச்சிடத் தொடங்கியது; 1992இல் த்ரீ கேட்ஸ் என்ற ஷ்வேஷ்வே பிராண்டு வடிவங்களின் உரிமையையும் வாங்கியது. அசலைத் தொட்டால் காகிதம்போல் விறைப்பாக இருக்கும், பின்பக்கத்தில் முத்திரை இருக்கும், அகலம் 90 சென்டிமீட்டரைச் சுற்றி இருக்கும்.

அந்த விறைப்பு தைக்கும்போது உதவுகிறது: நழுவாது, கோடு பிசகாது. ஆனால் முதல் சலவையில் கஞ்சி கரைந்து துணி மெலிந்து சுருங்கும். பக்கத்துப் பட்டை ஏற்கெனவே துவைத்த காட்டனாக இருந்தால், ஒன்று சுருங்கி மற்றது புடைக்கும். ஒரு தொகுப்பில் எல்லாத் துணியையும் துவைத்துவிட்டு வெட்டுங்கள், அல்லது எதையுமே துவைக்காதீர்கள். கழுவிக் கழுவிப் பயன்படுத்தப்போகும் குவில்ட்டுக்குத் துவைத்துவிடுவதே நல்லது, அதிலும் கருநீலத்துக்குச் சாயம் போகும்.

எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்துகொள்ள 20 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, குவில்ட்டை எப்படித் துவைப்பீர்களோ அப்படித் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அளங்கள். 19 வந்தால் 5 சதவீதம். சாயத்துக்கு, ஈரமான துணியை வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். வெள்ளையில் கறை விழாத வரை குளிர்ந்த நீரில் தனியாக அலசுங்கள்.

துவைத்த ஷ்வேஷ்வேயை அப்படியே வெட்டினால் பட்டை நெளியும். மெல்லிய கஞ்சியில் நனைத்து, முக்கால்வாசி உலர்ந்ததும் இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். டர்பனில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கஞ்சித் துணி ஓரிரவிலேயே காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளரும். கஞ்சி போட்ட அன்றே வெட்டி, அன்றே தையுங்கள். மிச்சத்தைக் கஞ்சியோடு மடித்து அலமாரியில் வைக்க வேண்டாம். பூச்சி தேடி வரும். மின்வெட்டு அறிவிப்பு இருக்கும் நாளில் முதலில் இஸ்திரி வேலையை முடித்துக்கொள்ளுங்கள். தையலைக் கைச்சக்கரத்தால் கூட நகர்த்தலாம், பெட்டி சூடாகாமல் ஒரு பட்டையும் நேராகாது.

அகலம் குறைவு என்பதையும் கணக்கில் சேருங்கள். மாதிரிகள் பெரும்பாலும் 42 அங்குலப் பட்டைக்கு எழுதப்பட்டவை. கரை போக ஷ்வேஷ்வேயில் கிடைப்பது 34, 35 அங்குலம்தான். எட்டுப் பட்டை கேட்கும் மாதிரிக்கு நீளக் கணக்கில் பத்துப் பட்டை வெட்ட வேண்டும். பார்டர்போன்ற நீண்ட பட்டைகளைக் கரைக்கு இணையாக, பாவின் நீளத்தில் வெட்டினால் இழுபடாமலும் நிற்கும், ஒட்டுப் போடவும் தேவையில்லை.

அறிகுறி: சேலைப் பட்டை மட்டும் நழுவுகிறது

ஆயாவின் பழைய சேலையை ஷ்வேஷ்வேயோடு சேர்த்துக் குவில்ட் செய்ய ஆசைப்படுவோர் டர்பன் பகுதியில் சாட்ஸ்வொர்த்திலும் டோங்காட்டிலும் நிறையப் பேர். ஆசைப்பட வேண்டிய விஷயமும்தான். ஆனால் பட்டும், வாயில் (voile) என்ற மெல்லிய சேலைத் துணியும் கெட்டித் துணியோடு ஒரே வேகத்தில் நகராது.

காட்டன் சேலைக்குக் கெட்டிக் கஞ்சி போதும். பட்டுக்குக் கஞ்சி வேண்டாம். பின்பக்கத்தில் மிக மெல்லிய, நெய்த ஒட்டுத் துணியை மிதமான சூட்டில், மேலே ஒரு காட்டன் துணி வைத்து அழுத்தி ஒட்டிவிட்டு, அதன் பிறகே பட்டை வெட்டுங்கள். வெட்டிய பட்டைமேல் ஒட்டினால் அளவு மாறிவிடும். பழைய சேலையில் மடிப்பு விழுந்த இடங்களில் இழை இற்றிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும், அந்த இடங்களை விட்டுவிடுங்கள்.

ஜரிகைக் கரை கட்டர் பிளேடைக் கெடுக்கும், ஊசியையும் உடைக்கும். பழைய பிளேடால் அதை வெட்டி, தையல் கோடு ஜரிகைக்கு இரண்டு மூன்று மி.மீ. வெளியே, வெறும் துணியில் விழும்படி ஓரம் விட்டு வையுங்கள். இப்போதைய சேலைகள் பலவற்றில் ஜரிகை பிளாஸ்டிக் இழை. சூடு பட்டால் சுருண்டுவிடும், முதலில் ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டியால் தொட்டுப் பாருங்கள். தைக்கும்போது சேலைப் பட்டையைக் கீழே, ஷ்வேஷ்வேயை மேலே வைத்து, ஒரு சாணுக்கு இரண்டு ஊசியாகக் குத்துங்கள். தையல் ஓரத்தை எப்போதும் ஷ்வேஷ்வே பக்கமே சாய்த்து இஸ்திரி போடுங்கள். பட்டின் பக்கம் சாய்த்தால் அந்தக் கெட்டி ஓரம் முன்பக்கத்தில் கோடாகத் தெரியும்.